ஒன்றும் போடாமல் ஒருதரம்

பெட்டியில் சிவப்பாய்க் கொட்டை எழுத்தில்
ஆயிரத்து இருநூறு வாட்ஸ்.
பின்பக்கத் தகட்டில் எறும்பெழுத்தில்
கரண்ட் இழுப்பது நூற்றிருபது.
ஒரு கோப்பை குடித்து ஒரு வாளி பெய்யுமா?
உள்ளே போனது, வெளியே வந்தது என்று
விடிய விடியக் குறிப்பெழுதுகிறவள் நான்.
கணக்கு உதைத்தது.

நௌபர் சிரித்தார், கமலநேசனைப் பார்த்து.
விலையையும் அவரிடமே சொன்னார்:
"அறுபத்தெட்டு. உங்களுக்கெண்டா அறுபத்தஞ்சு."

கமலநேசன் என் புருசன்.
சுவரில் ஆணி அடிப்பதோடு
அவருடைய தொழில்நுட்பம் முடிந்துவிடும்.
காசு என் கைப்பையில் இருந்தது:
கழிவு போகச் சீட்டில் நாற்பத்தெட்டாயிரம்.

"வீட்டில கிடக்கிற ரெண்டு ஸ்பீக்கரும் ஆறு ஓம்.
இது தாங்குமா?"
அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.
"நீங்க பெரியாஸ்பத்திரி மிஸ்ஸியெல்லோ?"
அது பதில் இல்லை.

தட்டில் ஜப்பான் சாமான் ஒன்று, பார்க்க லட்சணம்.
நூறு வோல்ட்.
டிரான்ஸ்போமரையும் சேர்த்து யார் கட்டியழுகிறது?
அதற்குக் கீழே, துணி மூடி, இன்னொன்று.
கட்டாரில் இருந்து வந்த யாரோ விற்றது.
மூடியில் நீளக் கீறல். ரிமோட் வேறு கொம்பனி.
சூடு போகும் துளைகளில்
இன்னும் கொஞ்சம் டோஹா மண்.
"மூணு எச்டிஎம்ஐயில ஒண்டு வேல செய்யா, மிஸ்ஸி.
பொய் சொல்லி விக்க மாட்டன்."
எங்களிடம் இருப்பதே ஒரு ரீவி.

பாட்டுப் போடக் கை கொண்டுபோனார்.
"ஒண்டும் போடாதீங்க.
சத்தத்த மட்டும் முழுசாக் கூட்டுங்க."
"ஒண்டும் போடாம என்னத்தக் கேக்கிற?"
ஃபேனையும் நிற்பாட்டச் சொன்னேன்.

புதியது முதலில்.
எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு ஸ்ஸ்,
அதற்கடியில்
சுவருக்குப் பின்னால் யாரோ ஃப்ரிட்ஜை
ஒளித்து வைத்ததுபோல் ஒரு ம்ம்.
திருமலை வீதி பஸ்ஸெல்லாம் போய் முடிந்த பிறகும்
அந்த ம்ம் போகவில்லை.

பிறகு கீறல் விழுந்தது.
காதைக் கொண்டுபோய் வலையில் ஒட்டினேன்.
பதினோராம் கட்டிலில்
ஒருவழியாய் நித்திரையான ஆளின் மூச்சளவு,
அவ்வளவுதான்.

வார்ட்டில் இரவு இரண்டு மணிக்கு
யாரும் கத்தி நான் ஓடியது குறைவு.
கேட்டுக்கொண்டிருந்த ஒன்று
கேட்காமல் போகும்போதுதான் ஓடியிருக்கிறேன்.
இதை நௌபரிடம் சொல்லவில்லை.
"நாப்பது" என்றேன்.
அவர் நாற்பத்தைந்தில் நின்றார்.
வயரும் சேர்த்து நாற்பத்தொன்றரைக்கு இறங்கினார்,
மச்சானுக்கு நோகாமல் ஊசி போட்டது
நான்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு.
நான் மறுக்கவில்லை.

ஓட்டோவில் மடியில் பத்துக் கிலோ.
கல்லடிப் பாலத்தில் தொடை மரத்துப்போனது.
இந்தப் பாலத்தடியில் மீன் பாடுமாம்.
எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டவர்கள் எல்லாரும்
கொழும்பில் இருந்து வந்தவர்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை.
முன்னால் இரண்டு ஸ்பீக்கர், மேசை போதாமல்
ஒன்று கதிரையில்.
நடுவுக்கும் பின்னுக்கும் என்று
மூன்று சோடி வாய் சும்மா திறந்திருக்கிறது.
அடுத்த சீட்டு ஆவணியில்.

வீட்டுக் கரண்டில் எப்படியோ என்று
இன்னொருதரம் ஒன்றும் போடாமல்,
முழுசாகக் கூட்டி,
இருவரும் நிலத்தில் குந்தியிருந்தோம்.
எங்கோ தேங்காய் துருவுகிறார்கள்.
அது கேட்டது.

"வேல செய்யுதா?" என்றார்.
"நல்லா."

குறைக்க மறந்து படத்தைப் போட்டுவிட்டார்.
முதல் காட்சி, யாரோ ஒரு இரும்புக் கதவைத் திறக்கிறார்கள்.
ஒழுங்கை முழுக்கக் கிறீச்சிட்டது.
வளவுக்குப் பின்னால்
சில்வியா அக்காவின் நாய்
வலமிருந்து இடம், இடமிருந்து வலம்
ஓடி ஓடிக் குரைத்தது.

கமலநேசன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.
"பின்பக்கமும் பேசுதே.
மறுகா என்னத்துக்குச் சீட்டு?"